உப்பும் செய்தித்தாளும்



உப்பைப் பற்றி எழுதுங்கள் சார் என்று உங்களில் சிலர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உப்பு விளையும் கதையை நான் எழுத வேண்டியதில்லை. முத்தையாபுரம், முள்ளக்காடு, தருவைகுளம், வேப்பலோடை, ஆறுமுகநேரிப் பிள்ளைகளுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே இந்தப் பதிவில் வேறு ஒரு கதை. நம் ஊர்ச் சரக்கான உப்பையும் மனிதர் உடம்பையும் சேர்த்துப் பத்திரிகைகள் எப்படி எழுதி வந்திருக்கின்றன என்ற சரித்திரம்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2024 ஆகஸ்டுக்குப் பிறகு ‘உப்பில் பிளாஸ்டிக்’ என்ற செய்தித் துணுக்கை எனக்கு அனுப்பாத ஆள் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு அயோடின் உப்பை நிறுத்தி இந்துப்புக்கு மாறிய வீடுகள் நம் சொந்தத்திலேயே நாலைந்து இருக்கின்றன. அதில் ஒரு வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள். எனவே இது வெறும் பாடம் இல்லை. பதிவு நீளமானது. சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் பத்திரிகையின் கதை. தமிழில் நாளிதழ் படிக்கிற வழக்கம் மெல்லத்தான் பரவியது. 1882-ல் தொடங்கிய சுதேசமித்திரனும், 1934-ல் வந்த தினமணியும் படித்தவர்கள் வீட்டுப் பத்திரிகைகளாக இருந்தன. எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் வாசிக்கும்படி பத்திரிகையை டீக்கடைக்குக் கொண்டுவந்ததில் நம் மாவட்டத்துக்காரருக்குப் பெரிய பங்கு உண்டு. திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கினார். 1951-ல் திருவனந்தபுரத்தில் பிறந்த தினமலர் 1957-ல் திருநெல்வேலிக்கு வந்தது. சின்ன வாக்கியம், பெரிய தலைப்பு, பேசுகிற மாதிரி நடை. அம்மைத் தடுப்பூசியும், போலியோ சொட்டு மருந்தும், காசநோய் மாத்திரையும் சாதாரண மக்கள் வாயில் புழங்கும் சொற்களானதில் இந்த நடைக்கு உள்ள பங்கைக் குறைத்துச் சொல்லக்கூடாது.

ஆனால் நாலு சொல்லில் தலைப்பு வைக்கும்போது ஒன்று காணாமல் போகிறது. தமிழில் ‘வரும்’ என்பதற்கும் ‘வரலாம்’ என்பதற்கும் இரண்டே எழுத்து வித்தியாசம். விஞ்ஞானி உயிரைக் கொடுத்துச் சேர்க்கிற அந்த ‘லாம்’ தலைப்பில் இடம் பிடிப்பதில்லை. ‘இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன’ என்று ஆய்வில் எழுதியிருப்பது, செய்தியாகும்போது ‘இதனால் அது வருகிறது’ என்று ஆகிவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு உப்புக்கு வருவோம்.

1947 வரை பத்திரிகையில் உப்பு என்றால் வரிச் செய்திதான். தண்டி, வேதாரண்யம், சிறை, அபராதம். உப்பு உடம்பைக் காக்கிற மருந்தாகவும் ஆகலாம் என்ற எண்ணம் அதே காலத்தில் வேறு நாடுகளில் வளர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், 1917-ல் டேவிட் மரைன் என்ற மருத்துவர் பள்ளி மாணவிகளுக்குச் சோடியம் அயோடைடு கொடுத்துப் பார்த்தார். அயோடின் எடுத்துக்கொண்ட 2,190 பிள்ளைகளில் கழுத்துக் கழலை புதிதாக வந்தது 5 பேருக்கு. எடுக்காத 2,305 பேரில் 495 பேருக்கு வந்தது. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிக் காட்டினால் யாருக்கும் புரியும். 1922-ல் சுவிட்சர்லாந்தும், 1924-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலமும் உப்பில் அயோடின் சேர்க்கத் தொடங்கின.

நம் நாட்டில் அந்த வேலையைச் செய்தவர் வி. ராமலிங்கசுவாமி. இமாச்சலத்துக் காங்ரா பள்ளத்தாக்கை 1956-ல் மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, நடுப் பகுதிக்குச் சாதாரண உப்பு. ஆறு வருடம் பொறுத்துப் பார்த்தபோது, அயோடின் உப்பு போன பகுதிகளில் கழலை பாதியாகவும் அதற்குக் கீழேயும் குறைந்திருந்தது. சாதாரண உப்பு சாப்பிட்ட பகுதியில் குறையவே இல்லை. பிறகு அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். அங்கேயும் குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது.

சுதந்திர இந்தியா செய்த மிகப் பயனுள்ள மருத்துவ ஆராய்ச்சிகளில் இது ஒன்று. எட்டுப் பத்திச் செய்தியாக வந்திருக்க வேண்டியது. ஆனால் பத்திரிகைத் தொழிலின் இயல்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. நேற்று நடந்தது செய்தி. பதினாறு வருடம் மெதுவாக நடந்தது செய்தி ஆகாது. ஒரு குழந்தை மந்த புத்தியோடு பிறந்தால் அது தெரியும். அயோடின் கிடைத்ததால் அப்படிப் பிறக்காமல் போன குழந்தையைப் படம் பிடிக்க முடியாது. நோய்த்தடுப்பு எல்லாவற்றுக்கும் உள்ள தலைவிதி இதுதான்.

அயோடின் உப்பு நம் ஊர்ப் பக்கம் உண்மையில் செய்தியானது 1998-ல். அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று மத்திய அரசு தடை கொண்டுவந்த வருடம் அது. தூத்துக்குடிக்கு அது வயிற்றுப் பிரச்சினை. சிறு உற்பத்தியாளர் கலவை இயந்திரத்துக்கு எங்கே போவார்? கல் உப்பின் விலை என்ன, பாக்கெட் உப்பின் விலை என்ன? பெரிய கம்பெனிகளுக்காகத்தான் இந்தச் சட்டமா? காந்தி எடுத்த உப்புக்கே தடையா? எல்லாம் நியாயமான கேள்விகள். பத்திரிகைகள் அவற்றை எழுதியதில் தப்பில்லை. 2000-ல் மத்திய அரசு தடையை விலக்கியது. 2006 மே மாதம் மறுபடி கொண்டுவந்தது. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அந்த விதி அது போடப்பட்ட சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று சொல்லி, வேறு ஏற்பாடு செய்ய அரசுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. பிறகு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் வந்தன.

இந்தப் பன்னிரண்டு பதின்மூன்று வருடச் சண்டையில் ‘தடை’, ‘வாபஸ்’, ‘மீண்டும் தடை’ என்று செய்தி ஓடியது. அரசியல் நிருபரும் வணிக நிருபரும் எழுதினார்கள். உடம்புக் கணக்கை எழுத ஆள் இல்லை. அந்தக் கணக்கு இதோ. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1998-99-ல் போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் 49 சதவீதம். 2005-06-ல் 51 சதவீதம். ஏழு வருடத்தில் இரண்டு சதவீதம்தான் நகர்ந்தது.

‘எங்களுக்கு எதற்கு அயோடின்? கடல் உப்பில் இயற்கையாகவே இருக்கிறதே’ என்ற பேச்சும் அப்போதிலிருந்து இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சாப்பாட்டு உப்பு சுமார் 27 கிராம். ஆகவே ஒரு கிலோ உப்புக்குச் சுமார் 37 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் அயோடின் சுமார் 0.06 மில்லிகிராம். 37 லிட்டரில் இருப்பது அத்தனையும் உப்பிலேயே தங்கினாலும் கிலோவுக்கு 2 மில்லிகிராம் சொச்சம். அத்தனையும் தங்காது, பெரும்பகுதி கசப்புநீரோடு போய்விடும். வீட்டுக்கு வரும் உப்பில் இருக்க வேண்டியதாகச் சட்டம் சொல்வது கிலோவுக்கு 15 மில்லிகிராம். பத்தாம் வகுப்புக் கணக்குதான் இது. இந்தக் கணக்கைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால் பாதிச் சண்டை அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

2018-19-ல் நாடு முழுவதும் அயோடின் ஆய்வு ஒன்று நடந்தது. போதுமான அயோடின் உள்ள உப்பு இந்தியாவில் 76.3 சதவீத வீடுகளில் இருந்தது. தமிழ்நாட்டில் 61.9 சதவீதம். எல்லா மாநிலங்களிலும் கடைசி இடம் நமக்கு. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டுக்கே உப்பு அனுப்புகிற மாநிலம் நாம். ஊருக்கெல்லாம் விளக்கு வைத்துவிட்டு நம் வீட்டை இருட்டில் வைத்திருக்கிறோம். இந்தச் செய்தியை இதுவரை யாரும் எனக்கு அனுப்பியதில்லை.

அனுப்பியது என்ன தெரியுமா? 2019-ல் வந்த ‘உப்பில் சயனைடு’. கேட்டதும் நெஞ்சு அடைத்துக்கொள்கிற தலைப்பு. பாக்கெட் உப்பு கட்டிப்படாமல் இருக்கச் சேர்க்கும் பொருளின் பெயர் பொட்டாசியம் ஃபெரோசயனைடு. அதில் சயனைடு இரும்போடு இறுக்கமாகப் பிணைந்து கிடக்கிறது, சாதாரணமாக வயிற்றில் பிரிந்து வராது. பெயரில் குளோரின் இருப்பதால் சோடியம் குளோரைடு விஷவாயு ஆகுமா என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்பேனே, ஞாபகம் இருக்கிறதா? அதே பாடம்தான். அளவையும் பாருங்கள். சட்டம் அனுமதிக்கும் உச்சம் கிலோவுக்கு 10 மில்லிகிராம். நாளுக்கு 11 கிராம் உப்பு தின்றாலும் உள்ளே போவது 0.11 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, ஆயுள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை என்று வைத்த அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.025 மில்லிகிராம். 50 கிலோ ஆளுக்கு 1.25. பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ‘எவ்வளவு?’ என்ற ஒரு சொல்லைக் கேட்டால் விழுந்துவிடுகிற செய்தி அது.

இப்போது பிளாஸ்டிக். இதை அப்படித் தட்டிவிட மாட்டேன், ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. 2018-ல் மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்தியக் கடல் உப்புகளில் நுண்பிளாஸ்டிக் இருப்பதைக் காட்டினார்கள். 2020-ல் நம் ஊர் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் தூத்துக்குடி உப்பையே எடுத்து எண்ணினார்கள். கடல்நீரில் விளைந்த உப்பில் கிலோவுக்குச் சராசரி 35 முதல் 72 துகள் வரை. ஆழ்துளைக் கிணற்று நீரில் விளைந்த உப்பில் 2 முதல் 29 வரை. 2024 ஆகஸ்டில் டெல்லியின் டாக்சிக்ஸ் லிங்க் அமைப்பு 10 வகை உப்பையும் 5 வகைச் சர்க்கரையையும் சோதித்து அறிக்கை வெளியிட்டது. உப்பில் கிலோவுக்கு 6.7 முதல் 89.15 வரை. அதிகம் இருந்தது ஒரு அயோடின் உப்பில், குறைவு ஒரு பாறை உப்பில். நீங்கள் இந்துப்புக்கு ஓடியது இந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான்.

நிதானமாக எண்ணுவோம். இந்தியர் ஒருவர் நாளுக்குச் சாப்பிடும் உப்பு சுமார் 11 கிராம், வருடத்துக்கு 4 கிலோ. மிக அதிகமான அந்த 89 துகள் உப்பையே எடுத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 360 துகள், நாளுக்கு ஒன்று. எடையாகப் பார்த்தால்? நாளுக்கு 5 கிராம் உப்பு சாப்பிடுபவர் வயிற்றுக்குள் உப்பு வழியாக வருடத்துக்கு 117 மைக்ரோகிராம் போகும் என்பது மும்பை ஐ.ஐ.டி. கணக்கு. 11 கிராம் சாப்பிட்டால் 260 மைக்ரோகிராம் பக்கம். தூள் உப்பின் நாலைந்து பரல் எடை, அதுவும் ஒரு வருடம் முழுக்க. குடிதண்ணீரிலும் காற்றிலும் பிளாஸ்டிக் பொட்டலச் சாப்பாட்டிலும் வருவதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

இதனால் கெடுதல் இல்லை என்று சொல்ல வரவில்லை. கண்ணுக்கும் சாதாரண நுண்ணோக்கிக்கும் அகப்படாத இன்னும் சிறிய துகள்கள் இந்த எண்ணிக்கையில் இல்லை. உடம்பில் அவை என்ன செய்கின்றன என்பதற்கு உறுதியான முடிவு சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. கடலில் பிளாஸ்டிக் கொட்டக்கூடாது என்பதற்கு இந்த ஆய்வுகள் நல்ல சாட்சி. எந்த பிராண்டு வாங்குவது என்பதற்கு அவை சாட்சி ஆகா. பத்து மாதிரியை வைத்து உப்பு வகைகளுக்கு ரேங்க் போட முடியாது. ஒரு வகுப்பில் ஒரு பையனின் ஒரு பரீட்சைத் தாளைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தின் தரத்தைச் சொல்வீர்களா?

இன்னொன்று. கடல்நீரை மணல் வடிகட்டி வழியாக விட்டு உப்பு எடுத்தால் எடையில் 85 சதவீதத்துக்கு மேல் நுண்பிளாஸ்டிக்கை நீக்கலாம் என்று அதே மும்பை ஆய்வு சொன்னது. நம் உப்பளக்காரர்களுக்கு உபயோகமான செய்தி அதுதான். நீங்கள் அனுப்பிய துணுக்குகளில் ஒன்றில்கூட அந்த வரி இல்லை. பயம் முதல் பத்தியில் வருகிறது. பரிகாரம் கடைசிப் பத்தியில் இருக்கும். அதற்குள் கத்தரிக்கோல் வந்துவிடும்.

இனி ரத்தக்கொதிப்பு. உப்பைப் பற்றிய உடல்நலச் செய்திகளில் நம்மை உண்மையில் கொல்வது இதுதான், ஆனால் பழகிப்போனதால் தலைப்பில் வருவதில்லை. வந்தாலும் குழப்பத்தோடு வரும். 2014 ஆகஸ்டு 14 தேதியிட்ட நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று, உலகம் முழுவதும் அதிக உப்பால் வருடத்துக்குச் சுமார் 16.5 லட்சம் பேர் இதய நோயிலும் பக்கவாதத்திலும் இறக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. மற்றொன்று, 17 நாடுகளில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து, உப்பு ரொம்பக் குறைவாகச் சாப்பிடுவோரிடமும் ஆபத்து கூடுதலாகக் காணப்படுகிறது என்றது. ஒரே இதழ், ஒரே நாள். ‘உப்பு கொல்லும்’ என்றும் எழுதலாம், ‘உப்பைக் குறைத்தாலும் ஆபத்து’ என்றும் எழுதலாம். உலகப் பத்திரிகைகள் இரண்டையும் எழுதின. வாசகர் பாவம், ‘இவர்கள் மாற்றி மாற்றித்தான் சொல்வார்கள்’ என்று ஊறுகாய் பாட்டிலைத் திறந்துவிட்டார்.

இரண்டாவது ஆய்வில் உப்பின் அளவை ஒரே ஒரு தடவை எடுத்த காலைச் சிறுநீரை வைத்துக் கணித்தார்கள் என்பதும், உடம்பு சரியில்லாதவர்கள் ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுவார்கள் என்பதும் அதன் மேல் வைக்கப்பட்ட கண்டனங்கள். அந்த ஆய்வாளர்கள் பேசியது சோடியத்தின் அளவில். செய்திகள் அதை உப்பின் அளவாக மாற்றிக் குழப்பியதும் உண்டு. 2 கிராம் சோடியம் என்றால் 5 கிராம் உப்பு. இந்த ஒரு வரி தெரிந்தாலே பாதிக் குழப்பம் தெளியும்.

பிறகு 2021-ல் சீனாவில் நல்ல சோதனை ஒன்று முடிந்தது. 600 கிராமங்களில் 20,995 பேர். பக்கவாதம் ஏற்கெனவே வந்தவர்கள், அல்லது 60 வயது தாண்டி ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள். பாதி ஊர்களுக்கு வழக்கமான உப்பு, பாதி ஊர்களுக்குக் கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. சராசரியாக ஐந்து வருடம் பார்த்தார்கள். ‘பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது’ என்று செய்தி வந்தது. சரிதான். அதையே இப்படியும் சொல்லலாம்: வருடத்துக்கு ஆயிரம் பேரில் 33.65 ஆக இருந்த பக்கவாதம் 29.14 ஆனது, அதாவது ஆயிரத்துக்கு நாலு ஐந்து பேர் தப்பித்தார்கள். இரண்டும் ஒரே உண்மை. முதலாவது பெரியதாகத் தெரியும். இரண்டாவதைப் பார்த்தால்தான் நம் வீட்டுக்கு அதில் எவ்வளவு என்று புரியும். சதவீதம் மட்டும் சொல்லும் செய்தியைக் கண்டால், ‘எத்தனை பேரில் எத்தனை பேர்?’ என்று கேளுங்கள்.

மிகைக்கு நிருபரை மட்டும் குற்றம் சொல்வதும் சரியில்லை. 2014-ல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக் குறிப்புகளை எடுத்து மூல ஆய்வோடு ஒப்பிட்டார்கள். 40 சதவீதக் குறிப்புகளில் ஆய்வு சொல்லாத அறிவுரை ஏறியிருந்தது. 36 சதவீதத்தில் விலங்குகளிடம் கண்டதை மனிதருக்கு நீட்டியிருந்தார்கள். குறிப்பில் அறிவுரை மிகையாக இருந்தால் 58 சதவீதச் செய்திகளில் அந்த மிகை இருந்தது. குறிப்பு நேராக இருந்தபோது 17 சதவீதத்தில்தான். ஆகவே கலப்படம் பல சமயம் ஊற்றிலேயே நடக்கிறது. அங்கிருந்து ஆங்கிலச் செய்தி நிறுவனம், தமிழ் மேசையில் இரவு பத்து மணிக்கு மொழிபெயர்க்கும் உதவி ஆசிரியர், தலைப்பு வைப்பவர், கடைசியில் கத்தரித்து வாட்ஸ்அப்பில் போடும் நம் அத்தான். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு ‘லாம்’ உதிர்கிறது.

அமெரிக்காவில் கேரி ஷ்விட்சர் என்ற பத்திரிகையாளர் 2006 முதல் 2018 வரை மருத்துவச் செய்திகளுக்கு மார்க் போடும் தளம் ஒன்றை நடத்தினார். பலன் எவ்வளவு என்று எண்ணில் சொன்னார்களா, கெடுதலைச் சொன்னார்களா, செலவைச் சொன்னார்களா, சம்பந்தமில்லாத இன்னொரு நிபுணரைக் கேட்டார்களா என்று பத்துக் கேள்விகள். நம் தமிழ்ப் பத்திரிகைகளுக்கும் அப்படி மார்க் போட ஆள் வேண்டும். அதுவரை நீங்கள்தான் வாத்தியார். கேள்வித்தாளும் கையில் இருக்கிறது.

இவ்வளவு எழுதிவிட்டு ஒரு செய்தியைச் சொல்லாமல் முடித்தால் இந்தப் பதிவுக்கே அர்த்தம் இருக்காது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை 2017 முதல் 2020 வரை ஆராய்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் அளவில், பாதுகாப்பான வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. பாத்தியில் நிழல் இல்லை. ஒதுங்க இடம் இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது நீங்கள் எல்லோரும் அறிந்த விஷயம். உங்களில் பலருடைய அம்மா விடியுமுன் போய் வாருபலகை பிடித்து, தலையில் சுமந்து அம்பாரம் போட்டவர்தான். அந்தக் கூலியில் வாங்கிய நோட்டுப் புத்தகத்தில்தான் நான் திருத்தம் போட்டிருக்கிறேன்.

உப்பைத் தின்பவருக்கு வருடம் நாலு பரல் எடைப் பிளாஸ்டிக் என்பது நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. உப்பை விளைவிப்பவரின் சிறுநீரகம் கெடுவது உள்பக்கச் செய்தி. நான் எந்தப் பத்திரிகையையும் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. வாங்குபவரைப் பற்றிய செய்தி விற்கும், ஏனென்றால் பத்திரிகையை வாங்குபவரும் அவர்தான். ஆனால் எந்தச் செய்தியை முன்னே அனுப்புவது என்பது இன்றைக்கு நம் விரல் நுனியில் இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு வேலை இல்லாத நாட்களுக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கத் தொடங்கியதே, அதுகூடப் பல வருடக் கோரிக்கை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டதால்தான் நடந்தது. நிழற்கூடமும் கழிப்பறையும் குடிதண்ணீரும் கேட்பதற்கு இந்த ஆய்வு கையில் உள்ள ஆதாரம். மகளிர் குழுவிலோ பஞ்சாயத்திலோ தொழிற்சங்கத்திலோ இருக்கும் பிள்ளைகள் இதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

கடைசியாக வீட்டுக் காரியம். இந்துப்போ, கல் உப்போ, தூள் உப்போ, பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். ரத்தக்கொதிப்புக்கு மூன்றும் ஒன்றே. அளவு குறைய வேண்டும், எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். குறைவாகப் போடும் அந்த உப்பு அயோடின் உப்பாக இருக்கட்டும். பெரியவர்களுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர அது தேவை. பொட்டாசியம் கலந்த உப்பை 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது உண்மைதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பரிந்துரை பொருந்தாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

மேலே சொன்ன கர்ப்பிணிப் பெண்ணின் வீட்டார் இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்குக் கடைக்குப் போகும்போது அயோடின் உப்பு ஒரு பாக்கெட் வாங்கி வாருங்கள். இந்துப்பைப் பத்திரமாக வைத்திருங்கள், மாங்காய்க்குத் தொட்டுக்கொள்ளலாம்.

ஆலை, புகை, புற்றுநோய் பற்றிக் கேட்டவர்களுக்கு: அது தனிப் பதிவு. நம் ஊரில் உயிர்கள் போன விஷயம், இரண்டு வரியில் எழுதக்கூடாது.

கருத்துகளை எழுதுங்கள். உப்பளத்தில் வேலை செய்தவர்கள், இப்போதும் செய்பவர்கள் எழுதினால் இன்னும் சந்தோஷம். தமிழில் எழுதுங்கள், எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் ஆசிரியர்